வேரைக் கழுவிக் கொண்டுவந்த செடிகளை எப்படித் தொட்டியில் வைப்பது?

கேள்வி:

பயணம் போய்த் திரும்பும்போது ஒரு காகிதப்பூச் செடி, ஒரு சொர்க்கப்பறவைச் செடி, முழ நீளமுள்ள ஓர் ஈழத்தலரிப் போத்து (நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு) ஆகிய மூன்றையும் வாங்கி வந்தேன். மண்ணோடு எல்லை தாண்ட அனுமதி இல்லை என்பதால், விற்றவர்களே வேரைச் சுத்தமாகக் கழுவி, ஈரப்பாசியில் சுற்றி, தாவர நலச் சான்றிதழுடன் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மூன்று நாட்கள் ஆகிவிட்டன. காகிதப்பூவின் இலைகள் துவண்டுவிட்டன. என்னிடம் 40 செ.மீ. அகலமுள்ள பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. மூன்றையும் அதிலேயே நட்டு, நன்றாக உரமிட்டு, வெயிலில் வைத்துவிடலாமா?

முதல் பதில்:

அந்தத் தொட்டியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். கழுவும்போதும் பயணத்திலும் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் பெரும்பாலும் அழிந்திருக்கும். அந்த நிலையில் பெரிய தொட்டியின் மண்ணில் தேங்கும் ஈரத்தைச் செடியால் குடித்து முடிக்க இயலாது, காற்றோட்டமில்லாத அந்த ஈரத்தில் வேர் அழுகும். வேர்த்தொகுதியைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை மட்டுமே அகலமான, அடியில் துளையுள்ள தனித்தனித் தொட்டிகள் போதும். தென்னை நார்க்கழிவும் பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த எரிமலைக் கல் துகள்) சம அளவில் கலந்த கலவை வேர்விடும் காலத்துக்கு ஏற்றது. பெர்லைட் கிடைக்காவிட்டால் பருமணல் சேர்க்கலாம். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. நீர் வடிய அது உதவாது, ஈரம் தேங்கும் மண்ணை வேருக்கு இன்னும் அருகில் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

காகிதப்பூவின் வேர்கள் நொய்மையானவை, அசைத்தால் அறுந்துவிடும். ஆகவே அதைக் கூடுதல் கவனத்துடன் நடுங்கள். தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நட்டபின் ஒருமுறை நன்றாக நீரூற்றி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையால் தளர்வாக மூடுங்கள். புதுத் துளிர் நிலையாக வரும்வரை உரம் வேண்டாம்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதில் பை மூடுவதை மட்டும் மூன்றுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈழத்தலரியை அப்படி மூடினால் அடித்தண்டு அழுகிவிடும். நான் இரண்டு போத்துகளை அப்படித்தான் இழந்தேன். வெட்டுவாயில் பால் வடிந்து உலர்ந்து தோல் கட்டும்வரை அதை ஒரு வாரத்துக்கும் மேலாக நிழலில் வெறுமனே கிடத்தி வையுங்கள். இலைகள் இருந்தால் காம்போடு நறுக்கிவிடுங்கள். பிறகு நான்கைந்து விரற்கடை ஆழத்துக்கு மிகாமல் நட்டு, ஆடாதபடி குச்சியில் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இலை விரியும்வரை, அதாவது ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை, கலவை லேசாக ஈரமாக இருந்தாலே போதும்.

சொர்க்கப்பறவையின் வேர்கள் தடித்தவை, சதைப்பற்றுள்ளவை, எளிதில் ஒடியும். ஒடிந்த முனைகளைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, ஒருநாள் காயவிட்டு நடலாம். வேர்கள் நெருக்கமாக இருக்கும்போதுதான் அது நன்றாகப் பூக்கும் என்பதால், பின்னாளிலும் அவசரப்பட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள்.

மூன்றாம் பதில்:

நடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது: இலை தண்டோடு சேரும் இடுக்குகளையும் இலையின் அடிப்பக்கத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் சான்றிதழோடும் வந்துவிடும். ஒரு மாதமாவது இந்த மூன்றையும் உங்கள் மற்றச் செடிகளிடமிருந்து தனியறையில் வைப்பது நல்லது.

கேட்டவர்:

நன்றி. காகிதப்பூவின் ஒரு கணுவில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மூன்றையும் தனியறைக்கு மாற்றியிருக்கிறேன். போத்து நிழலில் கிடக்கிறது. பெரிய தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.