அப்பாவுக்கு வந்தது மூலம் இல்லை, பேஜெட் நோய்

ஆசனவாய் ஓரத்தில் அரிப்பு என்று அப்பா (68 வயது) வாய் திறந்து சொன்னதே ஒரு வருடம் கழித்துத்தான். அதுவரை மூலம் என்று நாட்டு மருந்தும், படை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பும் போட்டு வந்திருக்கிறார். பழைய பிஸ்கட் டப்பா நிறைய, அடிவரை சுருட்டிப் பிதுக்கிய ட்யூபுகள். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் ஒரு தோல் டாக்டர் எட்டு மாதம் எக்ஸிமா என்றே மருந்து கொடுத்தார். அடுத்துப் போனவர்தான், சிவந்து ஈரமாக, நடுவே வெள்ளை பூத்த மாதிரி இருந்த அந்தத் திட்டைப் பார்த்து, இத்தனை நாள் கிரீமுக்கு அடங்காததைச் சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கே பயாப்ஸி எடுத்தார்.

முடிவு பேஜெட் நோய் என்று வந்தது, தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய். ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1874-ல் மார்பகக் காம்பில் விவரித்த அதே நோய், அபூர்வமாக இந்த இடத்திலும் வருமாம். சிலருக்கு மலக்குடலில் இருக்கும் புற்றுநோய்தான் தோலில் இப்படித் தெரியும் என்பதால் முதலில் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது. அப்பாவுக்குக் குடலில் ஒன்றும் இல்லை, மேல்தோலைத் தாண்டி உள்ளேயும் இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தையும் தாண்டி நோய் பரவியிருக்கும் என்று சுற்றிலும் துளித்துளியாக எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் அகலமாக வெட்டினார்கள், பிட்டத்துத் தோலைத் திருப்பி மூடினார்கள். இரண்டாம் வருடம் ஓரத்தில் மறுபடி வந்தது, மறுபடி வெட்டினார்கள். மேல்தோலோடு நின்றால் உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம்.

— என் அம்மாவுக்கும் இதே நோய். வயது 79, இதயம் பலவீனம், மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். வெட்டுவதற்குப் பதில் இமிக்விமோட் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் கிரீம், வாரத்துக்கு மூன்று இரவு. தோல் வெந்து புண்ணாகி உட்காரவே முடியாமல் நடுவில் இரண்டு வாரம் நிறுத்தினோம். நான்கு மாதம் கழித்து எடுத்த பயாப்ஸியில் நோய் இல்லை. உங்கள் அப்பா எத்தனை நாளில் உட்கார்ந்தார்?

— மூன்று வாரம் ஆச்சு. அகலத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மலம் போன பிறகெல்லாம் பத்து நிமிடம் உட்கார வைப்பேன். அதுதான் ரொம்ப உதவியது.

— எங்கள் மாமாவுக்கும் இதே நோய், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது உள்ளே இறங்கி, இடுப்பு மடிப்பில் நெறிகட்டியிருந்தது. ஆசனவாயோடு மலக்குடலையும் எடுத்து மலம் சேர வயிற்றில் பை வைத்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம்தான் இருந்தார். பை மாற்றுவதை அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தது வார்டு நர்ஸ்தான். யாருக்காவது அது தெரியவேண்டும் என்றால் கேளுங்கள், அத்தையிடம் கேட்டுப் படிப்படியாக எழுதுகிறேன்.