முன்சுவரை இடித்துக் கார் நிறுத்தலாமா? பெட்ஃபோர்டின் மரநிழல் தெருக்களைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வைகறை

வணக்கம். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில், டி பாரிஸ் அவென்யூவுக்கு அருகே ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வீடு பிடித்துவிட்டது; முன்தோட்டம்தான் இடிக்கிறது. 1.1 மீட்டர் உயரச் செங்கல் சுவர், அதன் பின்னால் பிரிவெட் வேலிச்செடி, ஓரத்தில் வீட்டையே மிஞ்சி நிற்கும் ஒரு லைம் மரம் (எலுமிச்சைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை). சுவரை எடுத்துவிட்டுத் தரையில் கல் பாவினால் எங்கள் இரண்டு கார்களும் உள்ளே நிற்கும். வீடு வாங்கும் பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரோ (சொலிசிட்டர்), இது பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதி என்பதால், ‘பகுதியின் தனித்தன்மை’யைக் குலைக்கும் வேலைக்கு அனுமதி எளிதில் கிடைக்காது என்கிறார். ஒரு சுவரிலும் நாலு செடியிலும் அப்படி என்ன தனித்தன்மை இருக்கிறது? அங்கே வாழ்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஊஸ்கரையான்

அந்தத் தெருக்கள் உருவான கதை தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பெட்ஃபோர்டு ஒரு சந்தை நகரம். அவ்வூரில் பிறந்து லண்டன் மேயரான வில்லியம் ஹார்ப்பர், 1566-இல் ஊர்ப் பள்ளிக்கென லண்டன் ஹோல்பர்னில் இருந்த நிலத்தை எழுதிவைத்தார். லண்டன் வளர வளர அந்த நிலத்தின் வருமானமும் பெருகியதால், 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குறைந்த செலவில் நல்ல படிப்பு கிடைக்கும் என்ற பெயர் பரவிற்று. இந்தியாவில் இராணுவத்திலும் நிர்வாகத்திலும் இருந்த ஆங்கிலேயக் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்காகவே இங்கு வந்து குடியேறின. அவர்களுடைய ஓய்வூதியத்தின் பெரும்பகுதி இந்திய வருவாயிலிருந்து வந்தது என்பதால், அந்த வீடுகளைக் கடக்கும்போதெல்லாம் இந்தச் செங்கல்லில் நம் பாட்டன்மார் கட்டிய வரியும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

1888-இல் பெட்ஃபோர்டு பூங்கா திறக்கப்பட்டது. 1891-இல் பெட்ஃபோர்டு பள்ளி தன் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. நகர மையத்திலிருந்து பூங்காவுக்குச் செல்லும் அகலமான சாலையாக டி பாரிஸ் அவென்யூ அமைந்தது. அங்கே ஒரு வீடு போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் கூர்முகடு, ஒன்றில் பிதுங்கிய ஜன்னல், இன்னொன்றில் அடுக்கடுக்கான புகைபோக்கி. அவற்றை ஒரே தெருவாக உணரவைப்பவை, எல்லா வீடுகளும் சாலையிலிருந்து உள்வாங்கி நிற்பதும், முன்னால் தாழ்ந்த சுவரும் பச்சையும் தொடர்ந்து வருவதும்தான். நீங்கள் இடிக்க நினைப்பது அந்தத் தொடர்ச்சியின் ஒரு துண்டை.

பதில்: வரைபடக்காரர்

சட்டத்தைப் பொறுத்தவரை, இத்தகைய பகுதிகளுக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இப்போது நடப்பில் இருப்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். சாலையோரச் சுவர் 1 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், இப்பகுதிகளில் அதை இடிக்கத் திட்ட அனுமதி வேண்டும். உங்கள் சுவர் அந்த 10 சென்டிமீட்டரில் மாட்டிக்கொள்கிறது. 2008 அக்டோபரிலிருந்து இங்கிலாந்து முழுவதும், முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போடவும் அனுமதி தேவை. நீர் இறங்கும் சரளையோ கல்லோ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. கார் உள்ளே ஏறுவதற்காக நடைபாதை விளிம்பைத் தாழ்த்த நெடுஞ்சாலைப் பிரிவின் ஒப்புதலைத் தனியாகப் பெற வேண்டும்.

மரத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கைவைத்துவிடாதீர்கள். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரம் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், கிளையை வெட்டுவதானாலும் கவுன்சிலுக்கு 6 வாரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால் அது குற்றம். வேலிச்செடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சுவர் நின்று செடி போனால் அந்த இடம் மொட்டைத்தலை போலத்தான் இருக்கும்.

பதில்: மாற்றுக்குரல்

மேலே சொன்னவை சரியாக இருக்கலாம். ஆனால் தனித்தன்மை என்று போற்றப்படுவது பெரும்பாலும் வெளித்தோல்தான். ஒரு குடும்பத்துக்கென எழுப்பிய பெரிய வீடுகள் பல, இன்று அடுக்ககங்களாகவும் விடுதிகளாகவும் மாறி, ஒரே வாசலில் ஆறேழு அழைப்பு மணிப் பொத்தான்களோடு நிற்கின்றன. அத்தனை பேரின் குப்பைத் தொட்டிகளும் கார்களும் எங்கே போகும்? நடக்க முடியாத முதியவர் ஒருவருக்குக் காரை வாசலருகே கொண்டுவரும் தேவை, தெருவின் அழகைவிடப் பெரியது. லைம் மரத்தைப் பாடுபவர்கள் கோடையில் அதன் அடியில் ஒரு வாரம் கார் நிறுத்திப் பார்க்கட்டும்: இலைகளில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிகள் பாகு போன்ற திரவத்தைச் சொரிய, கண்ணாடியெல்லாம் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூஞ்சையும் படிந்துவிடும்.

பதில்: வைகறை

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை மாலை அந்தத் தெருவை மறுபடி நடந்து பார்த்தோம். எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் சுவர் ஏற்கெனவே போயிருந்தது. முதல்முறை வந்தபோது அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. இப்போது, அதுவரை வேலிச்செடியை ஒட்டியே வந்த கண், அந்த இரு இடங்களிலும் நேரே தொட்டிகள் மீதும் கார்கள் மீதும் போய் விழுந்தது. லைம் மரத்தடியில் நின்ற ஒரு காரின் கண்ணாடியில் விரலை வைத்தேன். மாற்றுக்குரல் சொன்னது போலவே ஒட்டியது. சுவரைத் தொடுவதில்லை என்று என் மனைவி அங்கேயே சொல்லிவிட்டார். இரண்டாவது காரை என்ன செய்வது என்பதுதான் இப்போது வீட்டில் ஓடும் விவாதம்.