கிட்டார் ரெக்கார்டிங்கில் ஒரே இரைச்சல், எந்த கேபிள் வாங்கலாம்? அவசரம்

ஆறுதந்தி:
வணக்கம். வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்ட் செய்கிறேன். பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வருகிறது. டோனும் மந்தம், போர்வை போட்டு மூடின மாதிரி. நல்ல கேபிள் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தங்க முலாம் பூசியதை வாங்கலாமா, ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று போட்டிருப்பதை வாங்கலாமா? நாளைக்குள் டிராக் அனுப்ப வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈயப்புகை:
என்ன கிட்டார்? பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயிலா, இரைச்சலை அடக்க இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கரா? எதில் செருகுகிறீர்கள், ஆடியோ இன்டர்பேஸிலா (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), லேப்டாப்பின் மைக் துளையிலா? இப்போது இருக்கும் கேபிள் எவ்வளவு நீளம்? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

கீழ்சுருதி:
முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுதான் காரணம். லேப்டாப், இன்டர்பேஸ், மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள், எர்த் லூப் (கருவிகள் பல வழியில் எர்த்தோடு சேர்வதால் வரும் இரைச்சல்) குறையும். எர்த் பின்னை ஒடிப்பது, டேப் ஒட்டுவது போன்ற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கம்பிகளைத் தொட்டுக்கொண்டு வாசிக்கிற கருவி இது, உயிருக்கே ஆபத்து.

பழைய_வால்வு:
இதே கேள்வி எத்தனை தடவை வந்துவிட்டது! தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. தம்பி, கேபிளால் ஹம் (அந்த 'ம்ம்ம்') வராது. உங்களுடையது சிங்கிள் காயிலாகத்தான் இருக்கும். 1955-ல் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கரை உருவாக்கியதே இந்த இரைச்சலை அடக்கத்தான். கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். இரைச்சல் நின்றால் பிக்கப்தான் காரணம், அவ்வளவுதான். அடிப்படை தெரியாமல் கடைக்கு ஓடாதீர்கள்.

மூன்றாம்கட்டை:
டோன் மந்தம் என்றும் சொல்லியிருக்கிறாரே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் கணக்கு கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை. சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் இருக்கும். பிக்கப் சுருளின் இன்டக்டன்ஸும் இதுவும் சேர்ந்து ஒரு ஃபில்டராகிவிடும்; ஓர் அதிர்வெண்ணை உச்சியாகத் தூக்கி, அதற்கு மேலுள்ளதைக் குறைக்கும். பிக்கப் 2.5 ஹென்றி, அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் கேபிளில் அந்த உச்சி சுமார் 5,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 10 மீட்டர் போட்டால் 3,000-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். காது மினுமினுப்பு என்று உணர்வது அந்த இடத்தைத்தான். அதனால் நீளத்தைச் சொல்லுங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப் என்றால் இந்தக் கவலை இல்லை.

ஆறுதந்தி:
இரண்டு ஹம்பக்கர். பேட்டரி கிடையாது. இன்டர்பேஸில்தான் செருகுகிறேன். கேபிள் சின்னது, 3 மீட்டர் இருக்கும். சார்ஜரைக் கழற்றியும் அப்படியே. வால்யூமை இறக்கினால் இரைச்சல் நின்றுவிடுகிறது. அப்போ தங்க முலாம் வாங்கலாமா?

பழைய_வால்வு:
வால்யூமை இறக்கினால் நிற்கிறது என்கிறீர்கள். பிக்கப்தான் என்று சொன்னேனே. கிட்டாரைத் திறந்து உள்ளே ஒயரிங்கைப் பாருங்கள்.

தூயநாதம்:
தங்க முலாம் நல்லது. ஆக்சிஜன் இல்லாத செம்பு என்றால் உயர் அதிர்வெண் தெளிவாக வரும். நான் மாற்றியதும் வித்தியாசம் கேட்டது.

மூன்றாம்கட்டை:
கேட்டது கெப்பாசிட்டன்ஸ் வித்தியாசமாக இருக்கலாம், செம்பின் தூய்மை அல்ல. 3 மீட்டர் கம்பியின் தடை ஒரு ஓம்கூட வராது. எதிரே இன்டர்பேஸின் கிட்டார் உள்ளீடு 10 லட்சம் ஓம். அந்த ஒரு ஓமில் எதைக் குறைத்து என்ன கேட்கப் போகிறது? தங்கம் துருப்பிடிக்காது, அது ஒன்றுதான் அதன் லாபம். எப்போதாவது நிக்கல் பிளக்கைத் துடைத்தாலே போதும்.

தூயநாதம்:
எல்லாவற்றையும் மீட்டரில் அளக்க முடியாது. என் கேபிளில் அம்புக்குறிகூட இருக்கிறது, எந்தப் பக்கம் ஆம்புக்குப் போக வேண்டும் என்று. காரணம் இல்லாமலா போடுவார்கள்?

ஈயப்புகை:
அம்புக்குறிக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் செம்பு ஒரு திசையில் நன்றாகக் கடத்தும் என்பதல்ல. அந்த வகைக் கேபிளில் உள்ளே இரண்டு கம்பிகள் இருக்கும், வெளி ஷீல்ட் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) ஒரு முனையில் மட்டும் இணைந்திருக்கும். பொதுவாக அந்த முனை ஆம்ப் பக்கம் போகும். அதற்கான அடையாளம் அது.

இந்தச் சண்டையில் ஆறுதந்தியை விட்டுவிட்டோம். வால்யூம் சோதனை பாதிதான் சொல்லும். வால்யூம் பூஜ்யத்தில் சிக்னல் கம்பி கிட்டாருக்குள்ளேயே எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. அதனால் பிக்கப் வாங்குகிற இரைச்சல் மட்டுமல்ல, ஷீல்ட் இல்லாத கேபிள் வாங்குகிற இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டையும் பிரிக்க வேறு வழி வேண்டும். வால்யூமை முழுதாக ஏற்றுங்கள், கிட்டார் தந்திகளைத் தொடாமல் கேபிளை நடுவில் கையால் இறுக்கிப் பிடியுங்கள். இரைச்சல் கூடினால் கேபிளில் ஷீல்ட் சரியில்லை, அல்லது ஷீல்டே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. கேபிளின் உறை மேல் என்ன அச்சிட்டிருக்கிறது? இன்டர்பேஸில் 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) என்ற பட்டன் அழுத்தியிருக்கிறதா, 'லைன்' என்பதில் நிற்கிறதா?

புதுவரவு:
இடையில் ஒரு சந்தேகம். இன்டர்பேஸிலிருந்து மானிட்டர் ஸ்பீக்கருக்கு என் கிட்டார் கேபிளையே போட்டிருக்கிறேன். தப்பா?

கீழ்சுருதி:
வேலை செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் பேலன்ஸ்டு ஜாக் (சிக்னலை இரண்டு கம்பியில் எதிரெதிராகக் கொண்டுபோகும் வகை) இருந்தால் டிஆர்எஸ் கேபிளுக்கு மாறுங்கள். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல் ஸ்பீக்கர் முனையில் கழிந்துவிடும். மைக்குக்கு மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் போடுவதும் இதற்குத்தான். கிட்டாரில் டிஆர்எஸ் போட்டு ஒரு லாபமும் இல்லை, சாதாரண கிட்டாரின் ஜாக் பேலன்ஸ்டு இல்லை.

பழைய_வால்வு:
இதைத் தனியாகக் கேட்டிருக்கலாம்.

ஆறுதந்தி:
கேபிளைப் பிடித்தால் இரைச்சல் கூடுகிறது! உறை மேல் 'ஸ்பீக்கர்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் 2 × 1.5. நண்பருடைய ஆம்புடன் வந்தது. பட்டன் லைனில்தான் இருந்தது.

ஈயப்புகை:
இரண்டு தொல்லைக்கும் விடை கிடைத்துவிட்டது. அது ஸ்பீக்கர் கேபிள். 2 × 1.5 என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனான இரண்டு கம்பி, சுற்றிலும் ஷீல்ட் கிடையாது. பிளக் ஒரே மாதிரி இருப்பதால் வெளியே பார்த்தால் தெரியாது. ஹம்பக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த 3 மீட்டர் அறையில் உள்ள மின் இரைச்சலை வாங்கிக்கொண்டே இருக்கும்.

மந்தம் லைன் உள்ளீட்டால் வந்தது. பல இன்டர்பேஸ்களில் அது 10,000 ஓம் அளவுதான். பிக்கப்புக்கு அது பெரிய சுமை, ட்ரெபிள் செத்துவிடும். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று கெயினை ஏற்றியிருப்பீர்கள், கூடவே இரைச்சலும் ஏறியிருக்கும். இன்ஸ்ட் பட்டனை இப்போதே அழுத்துங்கள், இதற்குச் செலவே இல்லை.

வாங்கும்போது உறையில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது கிட்டார் கேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். 3 மீட்டர் போதும். பின்னல் ஷீல்ட், அல்லது நெருக்கமாகச் சுற்றிய ஷீல்ட் இருக்கட்டும். பிளக் திருகிக் கழற்றும் வகையாக இருக்க வேண்டும். கேபிள் பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான் அறுபடும். திறக்க முடிந்தால் அரை அங்குலம் வெட்டி மறுபடி சாலிடர் வைத்துவிடலாம், வார்த்து மூடியதை வீசத்தான் வேண்டும். நீங்களே செய்வதென்றால் கேபிளுக்குக் கேனரே ஜிஎஸ்-6 அல்லது மொகாமி 2524, முனைகளில் நியூட்ரிக் அல்லது ஸ்விட்ச்கிராஃப்ட் பிளக். அப்புறம், கேபிளைத் தரையில் தட்டினால் 'டப் டப்' என்று கேட்கிறதா பாருங்கள். நல்ல கேபிளில் கடத்தும் பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று வைத்து அதை அடக்கியிருப்பார்கள்.

தூயநாதம்:
செம்பு முக்கியம் என்பதில் நான் மாறவில்லை.

மூன்றாம்கட்டை:
ஒரே நீளம், ஒரே கெப்பாசிட்டன்ஸ் உள்ள இரண்டு கேபிளை எடுங்கள். எது எது என்று தெரியாமல் இன்னொருவர் மாற்றி மாற்றிச் செருகட்டும், நீங்கள் கேளுங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.

ஆறுதந்தி:
பக்கத்து வீட்டு அண்ணனிடம் கிட்டார் கேபிள் கடன் வாங்கினேன், பட்டனையும் அழுத்தினேன். சுத்தமாக வருகிறது. டிராக் அனுப்பப் போகிறேன். நன்றி.

ஈயப்புகை:
மகிழ்ச்சி. அந்த ஸ்பீக்கர் கேபிளை நண்பரிடமே கொடுத்துவிடுங்கள், ஆம்ப் ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் (ஸ்பீக்கர் பெட்டி) நடுவே அதுதான் வேண்டும். அந்த இடத்தில் அவர் இப்போது கிட்டார் கேபிள் போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். உள்கம்பி மெல்லியது, சூடேறி உருகலாம். வால்வு ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.