‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஏன் டெமோ மாதிரி ஒலிக்கிறது?

கேள்வி:
கன்ட்ரி இசை எனக்குப் புதுசு. வில்லி நெல்சனின் இந்த 1975 ஆல்பத்தைக் கட்டாயம் கேட்கச் சொல்கிறார்கள். போட்டால் ஒரு கிட்டார், ஒரு குரல், எங்கோ ஒரு ஹார்மோனிகா. டிரம்ஸ் இருக்கிறதா என்றே பல இடங்களில் தெரியவில்லை. சில பாட்டு தொடங்கியதுமே முடிந்துவிடுகிறது. நான் கேட்பது முழுப் பதிப்புதானா?

பதில் 1:
முழுப் பதிப்பேதான். உங்களுக்கு வந்த சந்தேகம் ஆல்பத்தை வெளியிட்ட கொலம்பியா ரெக்கார்டு நிறுவன அதிகாரிகளுக்கும் வந்தது. டேப்பைக் கேட்டுவிட்டு டெமோ, அதாவது முழுசாகப் பதிவதற்கு முன் செய்யும் மாதிரிப் பதிவு, என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இசை விஷயத்தில் கடைசி முடிவு வில்லியுடையது என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால், எதையும் சேர்க்காமல் அப்படியே வெளியிட்டார்கள்.

அது எவ்வளவு பெரிய உரிமை என்பதற்கு முன்கதை தெரிய வேண்டும். 1960களில் கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்தில் பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். யார் வாசிப்பது, எத்தனை வயலின், கோரஸ் உண்டா என்பதெல்லாம் தயாரிப்பாளர் கையில். ஊர் ஊராகக் கூட வரும் சொந்த பேண்டுக்குப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் இடம் கிடையாது. முன்பு இருந்த ஆர்சிஏ ரெக்கார்டு நிறுவனத்தில் வில்லி பல வருஷம் அப்படித்தான் பாடினார். அந்த ரெக்கார்டுகளில் அவர் குரல் வாத்தியங்களுக்கு அடியில் அமுங்கிக் கிடப்பதைக் கேட்டால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கும்.

1975 தொடக்கத்தில் அவர் டெக்சஸில், கார்லண்டில் உள்ள ஆட்டம் சவுண்ட் ஸ்டூடியோவுக்குத் தன் பேண்டையே கூட்டிப்போனார். பியானோவில் அக்கா பாபி, டிரம்ஸில் பால் இங்கிலிஷ், பேஸில் பீ ஸ்பியர்ஸ், ஹார்மோனிகாவில் மிக்கி ரஃபேல். சில நாட்களில் வேலை முடிந்தது.

அப்புறம், இது மொத்தமும் ஒரே கதை. தன்னை விட்டுப் போன மனைவியையும் அவள் காதலனையும் சுட்டுவிட்டுக் குதிரையில் அலைகிற பாதிரியார் ஒருவர். கதை சொல்கிறவர் குரல் நம் பக்கத்தில் கேட்டாக வேண்டும். ‘டைம் ஆஃப் த பிரீச்சர்’ மெட்டு பல்லவி மாதிரி திரும்ப வந்து கதையை எடுத்துக்கொடுக்கும். குட்டிப் பாட்டுகள் அதற்காகத்தான். ஷஃபிளில் மட்டும் போடாதீர்கள்.

பதில் 2:
கிட்டாரைக் கவனியுங்கள். அவர் ‘டிரிகர்’ என்று பெயர் வைத்த மார்ட்டின் என்-20. கன்ட்ரியில் ஸ்டீல் கம்பிதான் வழக்கம், இதில் நைலான். விரலால் வாசிக்கச் செய்த கிளாசிக்கல் கிட்டார் என்பதால் முன்பலகையைக் காக்கும் தகடு கிடையாது. வில்லி பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகட்டால், வாசிப்பார். உரசி உரசி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகையிலேயே இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்’ சோலோவில் வித்தை எதுவும் காட்டமாட்டார், பாடிய மெட்டையே ஒட்டிப் போவார். மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி நிற்பதால் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும்.

பதில் 3:
எல்லாம் சரி, ஆனால் நாஷ்வில் பாணியையே குறை சொல்ல வேண்டாம். வில்லி எழுதிய ‘கிரேஸி’யை 1961இல் பாட்சி கிளைன் அந்தப் பாணியில்தான் பாடினார். பின்னால் ஜார்டனேர்ஸ் கோரஸ் இல்லாமல் அந்தப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. வில்லி தாளத்துக்கு முன்னும் பின்னுமாக இழுத்துப் பாடுகிறவர். அவருக்கு இடம் வேண்டும், கிளைனுக்கு அந்த மெத்தை பொருந்தியது. அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி வில்லியின் முடிவு பலித்தது. ஃப்ரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டான ‘ப்ளூ ஐஸ்’தான் பாடகராக வில்லிக்குக் கன்ட்ரி பட்டியலில் கிடைத்த முதல் நம்பர் 1. ஆல்பமும் முதலிடம் பிடித்தது.

கேட்டவர்:
வரிசையாகக் கேட்டேன். கொலை முடிந்த கையோடு அடுத்த பாட்டு ‘ப்ளூ ஐஸ்’! சுட்டவனே அவளை நினைத்து உருகுகிறான் என்பது தனிப்பாட்டாகக் கேட்டபோது தெரியவே இல்லை. அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில் 1:
1974இல் வந்த ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’. ஒரு மணமுறிவு, இசைத்தட்டின் ஒரு பக்கம் மனைவி சொல்வது, மறுபக்கம் கணவன் சொல்வது. மனைவி பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.