ஊடாட்டமா, பிணக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஏற்பி என்று இங்கே நான் சொல்வது, உயிரணுவுக்குள் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் புரதத்தை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் தைராய்டு ஏற்பியும் கருப்பைத் திசுவில் ஒன்றன் வேலையில் மற்றொன்று தலையிடுவதை ஆங்கிலத்தில் 'கிராஸ்டாக்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் எச்சொல் பொருந்தும் என்பதே கேள்வி. நண்பர் முன்மொழிந்த 'குறுக்குப்பேச்சு', தொலைபேசியில் அயலார் பேச்சு நம் காதில் விழும் கோளாறுக்கே பொருந்தும். உயிரணுவுக்குள் நடப்பது கோளாறன்று.

இன்னொரு சொல்லான 'ஊடாட்டம்' தவறில்லை, ஆனால் அகலம் மிகுதி. கருவுற்ற காலத்தில் பெருகும் ஈஸ்ட்ரோஜனால், தைராய்டு ஹார்மோனான தைராக்சினைப் பிணைக்கும் குளோபுலின் என்ற புரதம் இரத்தத்தில் கூடுவதும் ஊடாட்டமே, ஏற்பிகள் மோதுவதும் ஊடாட்டமே. முன்னதற்கு அச்சொல்லை வைத்துக்கொண்டு பின்னதற்குத் தனிச்சொல் தேடலாம் என்பது என் கருத்து.

இவ்விரு ஏற்பிகளின் மரபணு வரிசைகளும் 1986-இல் வெளிவந்தன; இரண்டும் ஒரே குடும்பத்தவை. இரண்டும் டி.என்.ஏ.வில் தேடுவது ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்துத் துண்டையே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அத்துண்டுகள் மூன்றெழுத்து இடைவெளியில் எதிரெதிராக அமைந்த இடத்தை நாடுகிறது. தைராய்டு ஏற்பியோ பெரும்பாலும் நான்கெழுத்து இடைவெளியில் ஒரே திசையில் அமைந்த இடத்தை நாடுகிறது. துண்டு ஒன்றேயாதலால் முன்னதன் இருக்கையில் பின்னது அமர்ந்து, மரபணுவை இயக்காமலே இடத்தை அடைத்துக்கொள்ளவும் இயலும் (பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடிப்பது போல). மரபணுவை இயக்க ஏற்பிகளுக்கு உதவும் எஸ்.ஆர்.சி.-1 போன்ற துணைப்புரதங்களும் இருவருக்கும் பொதுவானவை. ஆயினும் இது வெறும் பகையன்று: தைராய்டு குன்றிய எலியின் கருப்பை, ஈஸ்ட்ரோஜனுக்கு வழக்கமான அளவில் மறுமொழி தருவதில்லை.

மோதலையும் பின்னலையும் ஒருங்கே சுமக்கும் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. மூங்கில்கள் பிணங்கின என்றால் பின்னிக்கிடந்தன என்று பொருள். இருவர் பிணங்கினர் என்றால் மாறுபட்டனர் என்று பொருள். ஆகவே 'ஏற்பிப் பிணக்கம்' என்பதை முன்வைக்கிறேன். இக்காலக் காதுக்கு இதில் சண்டை மட்டுமே கேட்கும் என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். 'மின்' என்றதும் மின்னலையே எண்ணிய காது மின்சாரத்துக்கும் பழகிக்கொண்டதுதானே. தவிர, 'தைராய்டு ஏற்பி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு பிணங்குகிறது' என்று வினையாகவும் எழுதலாம். 'குறுக்குப்பேசுகிறது' என்று பாடநூலில் எழுத எனக்குக் கை வரவில்லை.