பக்கக் காற்றில் வால்சில்லு விமானம்: இறங்கிய பிறகு ஏன் சுழன்றது?

பரந்தன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பரந்தனில் பிறந்தவன். கனடாவில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நாட்களில் சிறு விமானம் ஓட்டப் பழகி வருகிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஆடி மாதத் தென்மேற்குக் காற்றான சோளகம் இரவெல்லாம் வேலியோரத்து வடலிகளை உலுப்பும்போது, புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் நான் விட்ட பிழைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

மூக்குச்சில்லு உள்ள செஸ்னாவில் அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகு, மூன்றாவது சில்லு வாலின் கீழ் இருக்கும் சிட்டாப்ரியா என்னும் வால்சில்லு விமானத்துக்கு மாறினேன். அன்று காற்று ஓடுபாதைக்கு இடப்புறம் முன்னிருந்து, ஏறத்தாழ 60 பாகையில், 12 நொட் வேகத்தில் வீசியது. இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது காலால் வாலில் உள்ள சுக்கானை மிதித்து, இடது சில்லு முதலிலும் மற்றவை பிறகுமாகத் தொட்டன. அதுவரை நான் செய்தவற்றுள் மிக நல்ல இறக்கம் அதுதான். நடுக்கோட்டிலேயே ஓடி, சைக்கிளை வேகமாக மிதிக்கும் அளவுக்கு வேகம் குறைந்ததும், வேலை முடிந்தது என்று நினைத்துக் கையிலிருந்த கட்டுப்பாட்டுத் தண்டைத் தளரவிட்டு ரேடியோப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். மூக்கு மெல்ல இடப்புறம் போயிற்று. வலது காலை அடிவரை மிதித்தேன், பயனில்லை. கண்மூடித் திறப்பதற்குள் விமானம் அரைவட்டம் சுழன்று, வலது இறக்கையின் நுனி புல்லில் உரசி, அதைப் போர்த்தியிருந்த துணி ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து நின்றது. எவருக்கும் காயமில்லை. பயிற்றுநர் சொன்னது ஒரே வசனம்: "நீ ஓட்டுவதை நிறுத்திவிட்டாய், விமானம் நிறுத்தவில்லை."

சுக்கானை முழுவதும் மிதித்தும் ஏன் வேலை செய்யவில்லை? பிரேக்கைத் தொட்டிருக்க வேண்டுமா? தரையில் உருட்டிச் செல்லும்போது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் தண்டை எங்கே பிடிப்பது என்பதும் எனக்கு இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

கிளிநொச்சி ஆசிரியை எழுதியது:

நான் விமானம் ஓட்டியவள் அல்ல, பௌதிகம் கற்பிப்பவள். ஆகையால் உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு பின்னால் எடுப்பதை நீங்கள் சிறுவயதிலேயே பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுக்கும்போது பெட்டி தானாகவே நேராகி வரும். பின்னால் தள்ளும்போதோ ஒரு பாகை கோணினால் அது இரண்டாகி, நான்காகி, பெட்டி மடிந்துவிடும். வால்சில்லு விமானம் எப்போதும் பின்னால் எடுக்கப்படும் பெட்டியைப் போன்றது. அதன் ஈர்ப்பு மையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருப்பதால், விமானம் சற்றுக் கோணியதும் அந்த நிறை சில்லுகளை முந்தப் பார்க்கிறது. மூக்குச்சில்லு விமானத்தில் நிறை சில்லுகளுக்கு முன்னால் இருப்பதால், கோணலை அதுவே இழுத்து நேராக்கும். செஸ்னா இத்தனை நாளும் உங்கள் பிழைகளைச் சொல்லாமலே மன்னித்து வந்திருக்கிறது.

இதன் மேல் காற்று வருகிறது. செங்குத்து வாலும் உடலின் நீண்ட பகுதியும் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருப்பதால், பக்கக் காற்று வாலைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்பும். 60 பாகையில் வரும் 12 நொட் காற்றின் பக்கக் கூறு, 12 ஐ 0.87 ஆல் பெருக்க, ஏறத்தாழ 10 நொட். மணிக்கு 19 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் குறைந்தாலும் இந்தப் பத்து நொட் குறைவதில்லை. ஆனால் சுக்கானின் விசை அதன் மீது பாயும் காற்றின் வேக வர்க்கத்துக்கு விகிதமானது. வேகம் பாதியானால் விசை காற்பங்கு. சைக்கிள் வேகத்தில் உங்கள் கால் மிதித்தது கிட்டத்தட்ட வெறும் பலகையைத்தான். இறங்கும் கணத்தில் இருந்த ஆபத்தைவிட, இறங்கி மெதுவாகும் கணத்தில் இருந்த ஆபத்து பெரிதென்று கணக்கே காட்டுகிறது.

மாங்குளம் பழசு எழுதியது:

ஆசிரியை காரணத்தை எழுதிவிட்டார். தம்பி, கை என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதுகிறேன். பயிருக்கு மருந்தடிக்கும் வால்சில்லு விமானங்களோடு வெளிநாட்டில் பல வருடம் கழித்துவிட்டு, இப்போது மாங்குளத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பவன் நான்.

உங்கள் சுக்கான் தோற்றது வேகத்தால் மட்டும் அல்ல. மெதுவாகும்போது சுக்கானின் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியது வால்சில்லு. அது சுக்கானோடு கம்பிச்சுருள்களால் பிணைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். அந்தச் சில்லு தரையைப் பற்ற வேண்டுமானால் அதன் மேல் பாரம் இருக்க வேண்டும். பாரம் இருக்க வேண்டுமானால் தண்டு வயிற்றோடு இழுக்கப்பட்டு, வாலின் கிடைத் தட்டில் அசையும் பகுதியான எலிவேட்டர் மேல்நோக்கி நிற்க வேண்டும். நீங்கள் தளரவிட்டதும் தண்டு முன்னே போயிருக்கும், வாலின் பாரம் குறைந்திருக்கும். இந்தச் சில்லுகளில் பெரும்பாலானவை ஓர் அளவுக்கு மேல் திரும்பினால் பிணைப்பிலிருந்து விடுபட்டுச் சுயமாகச் சுழலும் வகையைச் சேர்ந்தவை. அந்த அளவைத் தாண்டிய பிறகு நீங்கள் மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்தது எய்லரோன், அதாவது இறக்கைகளின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தட்டு. இறங்கும்போது இடப்புறம் சாய்த்து வைத்திருந்த தண்டை, வேகம் குறையக் குறைய இன்னும் இடப்புறம் கொண்டுபோய், நிற்கும்போது அது முழுவதும் இடப்புற மூலையில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஆனையிறவைக் கடப்பதுபோல், காற்று இருக்கும் வரை அதன் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இடப்புறம் சாய்த்தால் வலது எய்லரோன் கீழிறங்கும். கீழிறங்கியது காற்றைக் கூடுதலாகத் தடுத்து மூக்கை வலப்புறம் இழுக்கும். நீங்கள் காலால் தேடிய உதவியின் ஒரு பங்கு உங்கள் கையில் இருந்தது.

பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மூக்கு சற்று விலகிய உடனே வலப்பக்கப் பிரேக்கை மட்டும் ஒரு தட்டுத் தட்டி விட்டிருந்தால் போதும். பாதி சுழன்ற பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தினால், விமானம் மூக்கில் குத்தி, துணியோடு போயிருக்கவேண்டிய செலவு புரொப்பெல்லரோடும் எஞ்சினோடும் போகும்.

தரையில் உருட்டும்போது இப்படி நினைவில் வையுங்கள். காற்று முன்னிருந்து வந்தால், அது வரும் பக்கம் தண்டைச் சாய்த்து வயிற்றோடு இழுத்துப் பிடியுங்கள். காற்று பின்னிருந்து வந்தால், அதற்கு எதிர்ப்பக்கம் சாய்த்து முன்னே தள்ளுங்கள்; அப்போது எலிவேட்டரும் காற்றுப் பக்கத்து எய்லரோனும் கீழே இருப்பதால், பின்காற்று அவற்றின் அடியில் புகுந்து வாலையும் இறக்கையையும் தூக்க முடியாது. ஒரு விலக்கை மறக்க வேண்டாம். பின்காற்று மெலிதாக இருக்கும்போது தண்டை முன்னே வைத்துக்கொண்டு எஞ்சினை முறுக்கினால், புரொப்பெல்லர் காற்றே வாலைத் தூக்கிவிடும். உருட்டும் வேகத்தைவிடப் பின்காற்று வலுவாக இருந்தால் மட்டுமே தண்டு முன்னே போகலாம்.

பழைய காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்கவில்லை. டைகர் மொத் போன்ற விமானங்கள் பறந்த காலத்து நிலையங்கள் பலவும் வெறும் புல்வெளிகள். காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே மூக்கைத் திருப்பி ஓடுவார்கள். தார் போட்ட ஓடுபாதை வந்த பிறகுதான் காற்றைக் குறுக்கே வாங்கும் நிலை வந்தது. உங்கள் கனடாவிலேயே இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி நிலையங்களில் மூன்று ஓடுபாதைகளை முக்கோணமாகப் போட்டது இதற்காகத்தான்.

முள்ளியவளையாள் எழுதியது:

மாங்குளம் ஐயா எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். நான் ஒஸ்திரேலியாவில் வால்சில்லு பழகியவள். அங்கே எனக்கு, பலத்த பக்கக் காற்றில் மூன்று சில்லும் சேர்ந்து தொடும் இறக்கத்தைவிட, வாலைத் தூக்கி வைத்தபடி பிரதான சில்லுகளில் மட்டும் இறங்குவதே நல்லது என்று கற்பித்தார்கள். வேகம் கூடுதலாக இருப்பதால் சுக்கான் நன்றாக வேலை செய்யும். முன்னால் பார்வையும் தெளிவாக இருக்கும். பரந்தன் அண்ணா இந்த முறையையும் பழகிப் பார்க்கலாம்.

புறப்பாட்டைப் பற்றி எவரும் எழுதவில்லை. விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சின்களில், வாலைத் தூக்கும் கணத்தில் மூக்கு இடப்புறம் இழுபடும். அண்ணாவின் சிட்டாப்ரியாவும் அப்படித்தான். இடப்புறக் காற்றும் மூக்கை அதே பக்கம் இழுப்பதால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிடும். வலப்புறக் காற்று என்றால் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுசெய்யும். இது எல்லா விமானத்துக்கும் பொதுவானதல்ல. இலங்கை விமானப்படை 1951இல் தொடங்கியபோது பயிற்சிக்கு வைத்திருந்த சிப்மங்க் விமானங்களின் ஜிப்சி மேஜர் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதில் மூக்கு வலப்புறம் போகும். ஆகவே எந்தப் பக்கக் காற்று கொடியது என்று கேட்டால், எந்த எஞ்சின் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மாங்குளம் பழசு எழுதியது:

பிள்ளை எழுதியது சரிதான். ஆனால் பிரதான சில்லுகளில் இறங்கினாலும் வாலை என்றைக்கோ ஒரு நேரம் கீழே இறக்கத்தான் வேண்டும். சுக்கான் வலுவிழந்து, வால்சில்லு இன்னும் தரையைப் பற்றாத அந்தச் சில நொடிகள் அந்த முறையிலும் இருக்கின்றன. வாலைத் தானாக விழும்வரை பிடித்திருக்காமல், சுக்கானுக்கு உயிர் இருக்கும்போதே தண்டை இழுத்து வாலைத் தரையில் வைத்துவிட்டால் உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்வேன்.

கிளிநொச்சி ஆசிரியை எழுதியது:

ஐயா ஆனையிறவைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கி வரும்போது சோளகம் வலப்புறம் முன்னிருந்து அடிக்கும். நாமும் வலப்புறம் சாய்ந்தே ஓட்டுவோம். எதிரே ஒரு பேருந்து வந்து அந்தக் காற்றை ஒரு கணம் மறைத்தால், சாய்ந்திருந்த மோட்டார் சைக்கிள் பேருந்துப் பக்கமே பாயும். அது கடந்ததும் காற்று மறுபடி அறையும். விமானத்துக்கும் இதே ஆபத்து கொட்டகைகளின் அருகிலும் மர வரிசை முடியும் இடத்திலும் இருக்குமென நினைக்கிறேன். மன்னார்த் தீவில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் முப்பது காற்றாலைகளும் மறைப்பில்லாத கரையோரத்தில் நடப்பட்டதும் சீரான காற்றுக்காகவே. மறைப்பு இருக்கும் இடத்தில் காற்று குறையலாம், ஆனால் ஒழுங்காக வராது.

பரந்தன்வாசி எழுதியது:

ஐயா, ஆசிரியை, தங்கச்சி, மூவருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, தும்புத்தடியை முழங்கால்களுக்கு நடுவே தண்டாக நட்டு, கதிரையை எட்டுத் திசைக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பி, வீசிய சோளகத்துக்கு ஏற்பக் கையை மாற்றிப் பார்த்தேன். முன்காற்று நான்கு முறையும் சரியாக வந்தது. வலப்புறப் பின்காற்றில் மட்டும் கை இரண்டு முறை காற்றை நோக்கியே போயிற்று. விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழியை மட்டுமே நினைக்கும் அம்மம்மா, திண்ணையில் இருந்து இதைப் பார்த்துவிட்டு, "கச்சான் தொடங்க முன்னம் இவனுக்குக் காத்துப் பிடிச்சிட்டுது" என்றா. கச்சான் என்பது மேற்குக் காற்றுக்கும் பெயர்; முறிகண்டியில் வாங்கிவந்த கச்சான் கடலையைத்தான் அப்போது உடைத்துக்கொண்டிருந்தா.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். விபத்துக்கு முதல் நாளே, உருட்டும்போது வால்சில்லு சுக்கானுக்குச் சற்றுப் பிந்தியே திரும்புவதாக எனக்குத் தோன்றியது. புது விமானம் என்பதால் என் கால்தான் பழகவில்லை என்று எண்ணி எவரிடமும் சொல்லவில்லை.

மாங்குளம் பழசு எழுதியது:

அதைச் சொல்லியிருக்க வேண்டும். சுக்கானையும் வால்சில்லையும் இணைக்கும் கம்பிச்சுருள்களும் சங்கிலியும் தொய்ந்திருந்தால் அப்படித்தான் பிந்தும். கால் மிதித்த பிறகு தொய்வு இறுகும்வரை சில்லு காத்திருக்கும். பறப்பதற்கு முன் சுற்றிப் பார்க்கும்போது வாலருகே குந்தி, இரண்டு பக்கச் சுருள்களையும் விரலால் இழுத்துப் பாருங்கள். கொக்கி தேய்ந்திருக்கிறதா, வால்சில்லின் டயரில் காற்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் தண்டைத் தளரவிட்டது நீங்கள்தான் தம்பி. அதைச் சுருளின் தலையில் கட்ட வேண்டாம்.

பரந்தன்வாசி எழுதியது:

கட்டவில்லை ஐயா. இறக்கையைத் திருத்துபவரிடம் வால்சில்லையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி இன்று காலை எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே இடுகிறேன். தும்புத்தடியை அம்மம்மா திருப்பி எடுத்துவிட்டா, ஆகவே பின்காற்றுப் பயிற்சியை இனி மண்வெட்டிப் பிடியோடுதான் தொடர வேண்டும்.