பென்யமீன் என்ற பேருக்கு அர்த்தம் என்ன? குழப்பமாக இருக்கிறது

முத்துக்குளி:
தம்பி மகனுக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். பென்யமீன் என்று பேர் வைக்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். பெரிய அத்தை ஒரே பிடியாக நிற்கிறார்கள்: "அது துக்கத்தின் பேர், பெத்தவளை இழந்த பிள்ளையின் பேர், வேண்டாம்." தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 'வலது கையின் மகன்', இன்னொரு இடத்தில் 'தெற்கின் மகன்'. எதை நம்புவது?

வடக்குத்தெரு:
கூப்பிட நன்றாக இருக்கிறது, வைத்துவிடுங்கள். அத்தை ஒரு வாரம் முறைத்துவிட்டு அப்புறம் அவர்களே 'பென்னி' என்று கொஞ்சுவார்கள்.

ஏட்டுப்புழு:
அத்தை இரண்டு பெயர்களை ஒன்றாக்கிவிட்டார்கள். ஆதியாகமம் 35:16-18 எடுத்துக் காட்டுங்கள். பெத்தேலை விட்டு எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் யாக்கோபின் மனைவி ராகேலுக்குப் பிரசவம் கடினமாகிறது. உயிர் பிரிகிற நேரத்தில் அவள் வைத்த பேர் பெனோனி, 'என் துக்கத்தின் மகன்'. யாக்கோபு அதை ஏற்கவில்லை, பென்யமீன் என்று மாற்றினார். பென் என்றால் மகன், யாமீன் என்றால் வலது கை. துக்கப் பேர் தள்ளப்பட்ட பேர்.

வலது கை அந்த வீட்டில் சாதாரண விஷயமும் இல்லை. பிற்பாடு யோசேப்பின் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது, இதே யாக்கோபு கைகளைக் குறுக்கே போட்டு இளையவன் எப்பிராயீம் தலையில் வலது கையை வைக்கிறார். யோசேப்புக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து மூத்தவன் மனாசே தலைக்கு மாற்றப் பார்க்கிறார், கிழவர் அசையவில்லை (48:13-19).

முத்துக்குளி:
அப்படியானால் தெற்கு எங்கிருந்து வந்தது?

ஏட்டுப்புழு:
கிழக்கு பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் தெற்கு. எபிரேயத்தில் யாமீன் இரண்டையும் குறிக்கும். நம்மிடம் புழங்கும் 'தட்சிணம்' என்ற வடசொல்லும் அப்படித்தான், வலமும் அதுவே, தெற்கும் அதுவே. பென்யமீன் வழிவந்த கோத்திரத்தின் நிலம் எப்பிராயீம் கோத்திரத்து நிலத்துக்குத் தெற்கே இருந்ததால், 'தெற்கத்தியார்' என்பதே அந்தக் குலப்பேரின் வேர் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. யூப்ரடீஸ் கரையில் மாரி நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளிலும் (கி.மு. 18ஆம் நூற்றாண்டு) இதே பொருளில் பேர்கொண்ட ஒரு இனக்குழு வருகிறது. பேர் ஒத்துப்போகிறது என்பதற்காக அவர்களும் இவர்களும் ஒரே ஆட்கள் என்று முடிச்சுப் போடக் கூடாது.

சமாரியரின் தோராவில் (ஆதியாகமம் முதலான ஐந்து புத்தகங்கள், அவர்கள் வைத்திருக்கும் வடிவம்) பேர் கொஞ்சம் மாறி, பின்யாமீம் என்று இருக்கும். 'நாட்களின் மகன்', அதாவது முதிர்வயதில் பிறந்தவன். ஆதியாகமம் 44:20-உம் இவனை யாக்கோபின் முதிர்வயதுப் பிள்ளை என்றுதான் சொல்கிறது.

கவண்கல்:
ஒரு வேடிக்கை சொல்லவா? வலது கைப் பேர் கொண்ட இந்தக் குலம்தான் இடது கைக்காரர்களுக்குப் பேர்போனது. மோவாபின் ராஜாவைக் குத்திய ஏகூத் பென்யமீனியன், இடது கைப் பழக்கம். நியாயாதிபதிகள் 20:16-இல் 700 இடது கைக் கவண்காரர்கள், மயிரிழையும் தப்பாமல் எறிவார்களாம். குட்டிப் பயல் எந்தக் கையால் கிலுகிலுப்பையைப் பிடிக்கிறான் என்று பாருங்கள் :)

முத்துக்குளி:
48ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி ஜெபத்தில் வாசிக்கச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று, பெஞ்சமினா பென்யமீனா?

ஏட்டுப்புழு:
எபிரேய உச்சரிப்பு பின்யாமீன், அதற்குப் பக்கத்தில் இருப்பது பென்யமீன்தான். பெஞ்சமின் ஆங்கிலம் வழியாக வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்தில் 'ஜே' போட்டால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சமின் என்றே கூப்பிடுவார்கள். அது வேண்டாம் என்றால் 'ஒய்' போடச் சொல்லுங்கள்.